துயரக் காலத்தில் பௌத்த தியானமும் கருணையும்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று ஓரிருவர் மட்டுமே குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் வயதான ஒருவரைக் கவனித்துக்கொண்டு இன்னொரு வயதானவர் இருப்பார். வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் உறவு முழுவதும் திரண்டு வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்கிறது. காரியம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகுதான் துயரத்தின் நீண்ட பகுதி தொடங்குகிறது. அந்த நீண்ட பகுதிக்காகவும், தீராத நோய், வியாபார நட்டம், சொத்து வழக்கு ஆகியவை தரும் மன உளைச்சலுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

துயரத்தை மறப்பதற்கான வழியாகத் தியானத்தை எண்ணித் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே கைவிட்டுவிடுகிறார்கள், ஏனெனில் கண்ணை மூடி உட்கார்ந்த மறுகணமே மறக்க நினைத்தது முன்னைவிடத் தெளிவாக வந்து நிற்கிறது. பௌத்த மரபு மறதியை வாக்களிப்பதில்லை. முதலில் உடலிலும் மூச்சிலும் நிலைகொள்ளுதல், அடுத்து அன்பையும் கருணையையும் படிப்படியாகப் பழகுதல், பிறகு அந்தக் கருணையைக் கையால் செய்யும் செயலாக்குதல் என்னும் வரிசையே இந்த வழிகாட்டியின் அடிப்படை. இந்த வரிசை மாறினால் கருணை என்று நாம் நினைத்துக்கொள்வது வெறும் துயரமாகவே முடிந்துவிடும் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

இம்முறை நம் பகுதிக்கு அந்நியமானதும் அன்று. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகக் கருதும் காவிரிப்பூம்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்று இருந்ததை அங்கு நடந்த அகழாய்வு காட்டியிருக்கிறது. பிற்காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பல தலைமுறைகளாகப் பர்மாவிலும் இலங்கையிலும் பௌத்தர்களுக்கிடையே வாழ்ந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படைகள் இரங்கூனைப் பிடித்தபோது அங்கிருந்த இந்தியர்களில் மிகப் பலர் மலையும் காடும் கடந்து நடந்தே திரும்பினார்கள். விட்டு வந்த நிலங்கள் பின்னர் தேசியமயமாயின. அதே பர்மாவில் லெடி சயாடோ என்னும் துறவி (1846–1923) தியானத்தை இல்லறத்தாருக்கும் உரியதாகப் பரப்பினார். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயரான ஊ பா கின் அந்த வழிவந்தவர். அவரிடம் 1955இல் கற்ற எஸ்.என். கோயங்கா மண்டலேயில் பிறந்த இந்திய வணிகர். தம் தொழில்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின் ஆசிரியரோடு பயிற்சியில் தொடர்ந்திருந்து, 1969இல் இந்தியாவுக்கு வந்து விபாசனா என்னும் இத்தியானப் பயிற்சியை இங்கே மீண்டும் வேரூன்றச் செய்தார். நாள் முழுதும் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்த மனிதர்கள் காத்துத் தந்த முறை இது என்பதால், குடும்பமும் தொழிலும் உள்ளவர்கள் இதைத் தயங்காமல் கற்கலாம். இதற்காகச் சிவ வழிபாட்டையோ திருநீற்றையோ குலதெய்வத்தையோ விட வேண்டியதில்லை. சாமி அறையில் புத்தர் படம் வைக்க வேண்டும் என்பதும் இல்லை.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாரக்கணக்கில் உறக்கமோ உணவோ இல்லாதிருத்தல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருதல், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனநல மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது. தியானம் மருத்துவத்துக்கு மாற்று என்று யாரேனும் சொன்னால், அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

மரணம் நிகழ்ந்த முதல் சில நாட்களில் நெடுநேரம் கண் மூடி உட்கார்வதும் நல்லதன்று. பழைய பௌத்த நூல்களில் படாசாரை என்னும் பெண்ணின் வரலாறு இருக்கிறது. கணவனைப் பாம்பு தீண்டியது. கைக்குழந்தையைப் பருந்து தூக்கிச் சென்றது. மூத்த மகனை ஆறு அடித்துக்கொண்டு போனது. தாய் வீட்டுக்குப் போனால், புயலில் வீடு இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தானும் இறந்திருந்தார்கள். ஆடை நழுவியதும் தெரியாமல் அலைந்து வந்த அவளிடம் புத்தர், தங்கையே, உன் நினைவை மீட்டுக்கொள் என்றுதான் முதலில் சொன்னார். அங்கிருந்த ஒருவர் மேலாடையைக் கொடுத்தார். நிலையாமை பற்றிய போதனை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆறுதல் சொல்லப் போகிற நாமும் இந்த முறையை மனத்தில் வைக்கலாம்: பிறந்தவர் இறப்பது இயற்கை என்ற உண்மையை முதல் நாளிலேயே எடுத்துரைப்பதைவிட, ஒரு டம்ளர் நீராகாரம் குடிக்க வைப்பதும் அருகில் அமர்ந்திருப்பதும் மேலானவை.

முதற்படி: இடமும் உடலும்

நம் வீடுகளில் இடத்துக்குக் குறைவில்லை. விடியற்காலையில் வீட்டில் சந்தடி எழுமுன், முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் தூணோரமாகவோ, முகப்புத் திண்ணையிலோ உட்காரலாம். இறந்தவரின் படம் மாட்டியிருக்கும் சுவருக்கு நேரே தொடக்கத்தில் உட்கார வேண்டாம். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் அமர்ந்து பாதங்கள் இரண்டையும் தரையில் முழுமையாகப் பதிய வைத்தால் போதும், சம்மணம் கட்டாயமில்லை. முதுகு விறைக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதுமானது. உண்ட மயக்கத்தில் உட்கார வேண்டாம்.

முதலில் மூச்சுக்குப் போகாமல் பாதத்துக்குப் போகச் சொல்வேன். ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் எந்தெந்த இடத்தில் படுகிறது, எங்கே படவில்லை, குதிகாலில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று பொறுமையாக உணர வேண்டும். பிறகு தொடை நாற்காலியில் அழுந்துவதையும், கைகள் மடியில் கிடப்பதையும் உணர வேண்டும். அதிர்ச்சியில் இருக்கும் மனத்துக்கு, தான் இப்போது இங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது உடலின் வழியாகத்தான் முதலில் தெரியும்.

இரண்டாம் படி: மூச்சு

சதிபட்டான சுத்தம் என்னும் புத்தரின் போதனை மூச்சைப் பற்றிச் சொல்வது மிக எளிமையானது: நீண்ட மூச்சை இழுக்கும்போது நீண்ட மூச்சு என்று அறிதல், குறுகிய மூச்சை இழுக்கும்போது குறுகியது என்று அறிதல், பின் உடல் முழுவதையும் உணர்ந்தபடி மூச்சு விடுதல், பின் உடலின் பரபரப்பை அமைதியுறச் செய்தபடி மூச்சு விடுதல். இங்கே மூச்சை அடக்கவோ எண்ணிக்கைக்கு ஏற்ப நீட்டவோ வேண்டாம். யோகாசன வகுப்பில் பிராணாயாமம் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பழக்கத்தால் அவர்களுடைய மூச்சு தானாகவே கட்டுப்பாட்டுக்குள் போய்விடும்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. ஊ பா கின் மரபினர் நாசியின் வாயிலில் மூச்சு தொட்டுச் செல்லும் இடத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். மகாசி சயாடோ (1904–1982) மரபினர் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, 'எழுகிறது', 'தாழ்கிறது' என்று மனத்துக்குள் மெல்லக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டும் நல்ல வழிகள். துயரத்தில் இருப்பவர்களுக்கு வயிற்று முறையையே நான் பரிந்துரைக்கிறேன். நெஞ்சு அடைத்திருக்கும்போது நாசியில் கூர்மையாகக் கவனிப்பது சிலருக்கு மூச்சுத் திணறலைப் போன்ற உணர்வைத் தருகிறது, வயிறு அந்த இறுக்கத்திலிருந்து சற்று விலகி இருக்கிறது. அப்படியும் திணறினால் கண்ணைத் திறந்து மறுபடியும் பாதத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அது தோல்வியன்று, அந்த நேரத்துக்கு உரிய பயிற்சி அதுவே.

மூன்றாம் படி: துயரம் எழும்போது

சில நாட்களில், சில வேளை முதல் நாளிலேயே, துயரம் வரும். அதற்காக உட்கார்வதை நிறுத்த வேண்டியதில்லை. வரும்போது என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். புத்தர் ஒரு போதனையில் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். வலி வந்து தைப்பது முதல் அம்பு. அதற்காக மனம் புலம்பித் தன்னையே வருத்திக்கொள்வது இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவரையும் முதல் அம்பு தைக்கும், இரண்டாவது தைக்காது என்கிறார். இதை நம் அனுபவத்தில் பிரித்துப் பார்க்க முடியும். நெஞ்சில் ஏற்படும் கனம், தொண்டையின் இறுக்கம், கண்ணீரின் சூடு ஆகியவை முதல் அம்பு. மதுரைக்கு முன்னமே அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பார், நான்தான் தாமதித்துவிட்டேன், இனி இந்த வீட்டில் நான் எதற்கு என்று தொடரும் பேச்சு இரண்டாவது.

அந்தப் பேச்சோடு வாதாட வேண்டாம். 'வருந்துகிறது', 'நினைக்கிறது' என்று மெல்லக் குறித்துவிட்டு, கனம் உடலில் எங்கே இருக்கிறது, எவ்வளவு பரப்பு, நிலையாக இருக்கிறதா கூடிக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணீர் வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டு தொடரலாம். தாங்க முடியாத அளவுக்குப் பெருகினால் எழுந்து நடக்க வேண்டும். தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக நடந்து, பாதம் எழுவதையும் நகர்வதையும் பதிவதையும் அறிவது மரபு ஏற்ற முழுமையான தியானமே, உட்கார முடியாதவர்களுக்கான சலுகையன்று. தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு நடை எப்படி மனத்தை அடக்குகிறது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படாசாரையும் பின்னாளில் துறவியாகி இப்படித்தான் பழகினாள். கால் கழுவிய நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்து அவள் மனத்தை நிலைநிறுத்தியதாகத் பெண் துறவியரின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் அவள் பாடலே கூறுகிறது. வெளியிலிருந்து வந்து கால் கழுவும் அந்த ஒரு நிமிடத்தை, நீர் ஓடுவதை மட்டும் பார்த்தபடி செலவிட நம்மாலும் முடியும்.

நான்காம் படி: அன்பை வரிசைப்படி பழகுதல்

பாதத்திலும் மூச்சிலும் ஓரளவு நிற்க முடிகிறது என்ற நிலை வந்தபின், அதாவது இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின், மைத்திரி என்னும் அன்புத் தியானத்தைச் சேர்க்கலாம். இது அச்சத்துக்கு மருந்தாகத் தரப்பட்டது என்பது மரபு: காட்டில் தங்கிப் பயந்து திரும்பிய துறவிகளுக்குப் புத்தர் மெத்த சுத்தம் என்னும் அன்புப் போதனையைக் கற்பித்து, அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பியதாக உரை சொல்கிறது. இரவில் தனி வீட்டில் படுக்க அஞ்சுகிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

இதன் வரிசையை ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்னும் உரையாசிரியர் விசுத்திமக்கம் என்னும் நூலில் நுணுக்கமாக வகுத்திருக்கிறார். முதலில் தனக்கு, அடுத்து மதிப்புக்குரிய ஒருவருக்கு, அடுத்து நெருங்கிய நண்பருக்கு, அடுத்து வேண்டியவரும் அல்லாத வேண்டாதவரும் அல்லாத ஒருவருக்கு, கடைசியாகப் பகைவருக்கு. தனக்குத் தொடங்குவது, மற்றவரும் என்னைப் போலவே நலத்தை விரும்புகிறவர் என்று உணர்வதற்காக. 'நான் பகை நீங்கி இருக்க வேண்டும். மனத்துன்பம் நீங்கி இருக்க வேண்டும். உடல் துன்பம் நீங்கி இருக்க வேண்டும். நலமாக வாழ வேண்டும்' என்று ஒவ்வொன்றாக, மூச்சுக்கு ஒன்றாக நினைக்கலாம். தன்னை நோக்கி இப்படி நினைக்கவே கூச்சப்படுகிற பெண்கள் நம்மிடையே அதிகம். ஆயுள் முழுதும் பிறருக்குச் சமைத்துப் போட்டே பழகிய ஆச்சிமாருக்கு இது தன்னலமாகத் தோன்றும். அவர்கள் பேரப்பிள்ளையிலிருந்து தொடங்கி, மனம் இளகியபின் தங்களுக்கு வரலாம்.

இறந்தவரை நோக்கி மைத்திரி தியானம் செய்ய வேண்டாம் என்று விசுத்திமக்கம் கூறுவதைத் துயரத்தில் இருப்பவர்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டும். இது கடுமையாகத் தோன்றினாலும் அனுபவத்துக்குப் பொருத்தமானது: அவருடைய முகத்தை நினைத்த உடனே மனம் நிலை தவறி இழப்புக்குள் போய்விடுகிறது. இறந்தவருக்காகச் செய்வதற்கு வேறு வழி உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நடுநிலையான ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் சிரமமில்லை. பால் ஊற்ற வருகிறவர், வங்கியில் கணக்கு முகப்பில் இருப்பவர் எவராயினும் சரி. கடினமானது பகைவர். நம் ஊர்களில் அது பெரும்பாலும் வெளியாளாக இருப்பதில்லை. ஒரே வீட்டில் பங்குள்ள பங்காளியாக, வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்ற வழக்கில் எதிர்த் தரப்பாக இருப்பார். அவசரப்பட்டு அவரிடம் போக வேண்டாம். மனம் எதிர்த்தால் பழையபடி நண்பரிடம் திரும்பி வரலாம். புத்தகோசர் கோபத்தைத் தணிக்கப் பல உபாயங்களை அடுக்குகிறார்: அவரிடம் உள்ள ஏதேனும் ஒரு நற்குணத்தை மட்டும் நினைத்தல், கோபத்தால் வருந்துவது தானே என்று எண்ணுதல், யார்மேல் இந்தக் கோபம், அவர் தலைமயிர் மேலா, நகத்தின் மேலா என்று பகுத்துப் பார்த்தல். எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக, அவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடு என்கிறார். எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது இந்த உபாயம்தான். வழக்கு நடக்கிறபடி நடக்கட்டும். வீட்டில் பலகாரம் செய்த நாளில் ஒரு சம்படம் அந்தப் பக்கமும் போகலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதும் பகையை விட்டுவிடுவதும் ஒன்றல்ல. ஆனால் அடித்தவர், வன்முறை செய்தவர் ஆகியோர் விஷயத்தில் இந்தப் படியை முற்றிலும் தவிர்த்துவிடலாம். அவரை நினைத்துத் தன்னை வருத்திக்கொள்ளும் கடமை எவருக்கும் இல்லை.

ஐந்தாம் படி: கருணையும் அதன் அருகிலுள்ள பகையும்

மைத்திரி பிறர் நலத்தை விரும்புவது. கருணை, துன்பப்படுகிறவரைக் கண்டு அவர் துன்பம் நீங்க விரும்புவது. துன்பத்தில் இருக்கும் ஒருவரை மனத்தில் நிறுத்தி, 'இவர் இந்தத் துன்பத்திலிருந்து விடுபட வேண்டும்' என்று நினைப்பதே பயிற்சி. இங்கேதான் அதிக எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு நற்குணத்துக்கும் தொலைவில் ஒரு பகையும் அருகில் ஒரு பகையும் உண்டு என்று பழைய ஆசிரியர்கள் வகுத்தார்கள். கருணைக்குத் தொலைவுப் பகை கொடுமை; அது எளிதில் அடையாளம் தெரியும். அருகிலுள்ள பகை சோகம். அது கருணையைப் போலவே தோன்றுவதால், நோயாளியின் அருகில் இருந்து தானும் உருகிக் கரைவதை அன்பின் அளவாக நாம் எண்ணிவிடுகிறோம். உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவரை ஊரும் அப்படியே மெச்சுகிறது.

மூளை ஆய்வாளர்களான தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் நடத்திய ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியது. பிறர் துன்பத்தைத் தாமும் உணரப் பயிற்சி பெற்றவர்களின் மனவருத்தம் கூடியது. அவர்களே பிறகு கருணைத் தியானம் பழகியபோது நல்லுணர்வு கூடி, வருத்தம் பழைய நிலைக்கு இறங்கியது.

எது எது என்று எப்படி அறிவது? உங்கள் நினைப்புக்குப்பின் நெஞ்சு சற்று விரிந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று கை தேடினால் அது கருணை. நெஞ்சு சுருங்கி, அவரைவிட்டு உங்கள் நிலையையே மனம் சுற்றத் தொடங்கினால் அது சோகம். உடனே மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். இந்த இடத்தில் உதவுவது உபேட்சை என்னும் சமநிலை மனம். என்னால் இயன்றதைச் செய்கிறேன், அவருடைய வாழ்வு அவருடைய வினையின்படி செல்கிறது, என் விருப்பத்தால் மட்டும் அது மாறாது என்று நினைப்பது அதன் சாரம். ஆனால் அக்கறையின்மையே உபேட்சையின் அருகிலுள்ள பகை என்பதையும் அதே ஆசிரியர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

ஆறாம் படி: கையால் செய்வது

வயிற்றுப்போக்கால் தன் அழுக்கிலேயே கிடந்த ஒரு துறவியைப் புத்தர் தம் சீடர் ஆனந்தரோடு சேர்ந்து கழுவிப் படுக்க வைத்தார். பிறகு மற்றத் துறவிகளை அழைத்து, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயுற்றவருக்குச் செய்யட்டும் என்றார். நல்ல பணிவிடையாளருக்கு அங்கே சொல்லப்படும் தகுதிகள் இன்றும் அப்படியே பொருந்தும்: மருந்து தயாரித்துத் தரத் தெரிதல், எது ஏற்கும் எது ஏற்காது என்று அறிந்து, ஏற்காததை விலக்குதல், ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பால் செய்தல், மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அருவருப்பின்றி அகற்றுதல், நல்ல சொல்லால் நோயாளியைத் தேற்றுதல். வரிசையில் தேறுதல் சொல் கடைசியில் வருகிறது. மாமியாரின் படுக்கையை மாற்றும்போது, கையில் துணியின் ஈரத்தையும் அவர் முதுகின் சூட்டையும் அறிந்தபடி செய்தால், தனியாக உட்கார நேரம் கிடைக்காத நாளிலும் பயிற்சி விட்டுப்போகாது. வாரத்தில் ஒருநாள் வேறொருவர் பொறுப்பேற்க ஏற்பாடு செய்துகொள்வதும் இப்பயிற்சியின் பகுதியே. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதற்கான செலவை ஏற்றுக்கொண்டால் அது பெரும் உதவி.

இறந்தவருக்காகச் செய்வது தானம். அவர் பெயரால் கொடுத்து, அந்தப் புண்ணியம் அவரைச் சேரட்டும் என்று நினைப்பதை, இலங்கையிலும் பர்மாவிலும் வழங்கும் பௌத்தமான தேரவாத மரபு பெரிதும் போற்றுகிறது. மறைந்த உறவினர்க்கு அழுகையும் புலம்பலும் பயன்படா, கொடையே பயன்படும் என்று திரோகுட்ட சுத்தம் என்னும் போதனை வெளிப்படையாகக் கூறுகிறது. அன்னதானம் நமக்குப் புதியதன்று. திதி நாளில் மட்டும் பெரிதாகச் செய்வதைவிட, மாதம் ஒருமுறை நீங்களே பரிமாறும்படி சிறிதாகச் செய்வது துயரம் ஆற்ற அதிகம் உதவும் என்பது என் கருத்து.

தொடர்ந்து செல்லுதல்

சோணர் என்னும் துறவி பாதம் கிழிந்து இரத்தம் வருமளவு நடந்து தியானம் செய்து மனம் வெறுத்தபோது, இல்லறத்தில் வீணை வாசித்தவரான அவரிடம், நரம்பு அதிகம் முறுக்கியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும் இசை வருமா என்று புத்தர் கேட்டார். பத்து நிமிடத்தில் தொடங்கி, ஒரு மாதத்தில் இருபது நிமிடத்துக்கு வந்தால் போதும். திதி, பிறந்தநாள், தீபாவளி போன்ற நாட்களில் துயரம் புதிதுபோல் எழும். அந்நாட்களில் நேரத்தைக் குறைத்து நடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாட்கள் விட்டுப்போனால், விட்டதற்கு ஈடாக இரட்டிப்பாக உட்காராமல், பாதத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

ஆசிரியரிடம் நேரில் கற்க விரும்புவோருக்குக் கோயங்கா மரபில் பத்து நாள் தங்கிப் பயிலும் முகாம்கள் உள்ளன. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் தரும் நன்கொடையால் நடக்கின்றன. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. அதிகாலை 4 மணிக்கு எழுந்து, பேச்சின்றி, நாளுக்குப் பத்து மணி நேரம் அளவில் தியானம் செய்ய வேண்டியிருக்கும். இழப்பு நேர்ந்த முதல் சில மாதங்களுக்குள் அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் அரைமணி நேரம் கலங்காமல் உட்கார முடிந்த பின் போகலாம். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், உட்கொள்ளும் மருந்து பற்றிக் கேட்பார்கள். அண்மையில் நேர்ந்த மரணத்தையும் மாத்திரையின் பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள்; இப்போது வேண்டாம் என்று அவர்கள் பதில் அனுப்பினால், அதை ஏற்றுக்கொண்டு வீட்டுப் பயிற்சியைத் தொடர்ந்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் விண்ணப்பியுங்கள்.